ராஸ்பெரி பையில் ரேம் குறைகிறதா? எங்கே போனது என்று படிப்படியாகக் கண்டுபிடிக்கும் வழி

4 ஜிபி ரேம் என்று பார்த்து, அதற்கான பணத்தையும் கொடுத்து வாங்கிய ராஸ்பெரி பை (கையகல ஒற்றைப் பலகைக் கணினி), இயக்கியதும் 3.7 என்கிறது. வேறொருவருக்கு அதே பலகை 2.8 என்கிறது. 1 ஜிபி பலகை வைத்திருக்கும் மற்றொருவருக்கு 500 எம்பிகூடக் கண்ணில் படுவதில்லை. முதன்முறை பார்க்கிறவருக்குக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ, பலகை பழுதோ என்றுதான் தோன்றும். இந்த மூன்றில் முதலாவது சரியான கணக்கு. மற்ற இரண்டிலும் எங்கோ ஒரு வரி தவறாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு வகையையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

ரேம் ஆவியாகிப் போவதில்லை. பலகையில் பற்றவைத்த சில்லிலிருந்து உங்கள் நிரலுக்கு வந்து சேரும்வரை அது நான்கு கைகள் மாறுகிறது: பலகை, ஃபர்ம்வேர் (பலகையைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்), கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), நிரல்கள். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்தவரிடம் கொடுக்கிறார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மதகிலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்து பார்ப்பதுதான் வழி. இங்கும் அப்படியே. ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணைக் குறித்துக்கொண்டே போனால், எந்த இடத்தில் அது சட்டென்று விழுகிறதோ அங்கேதான் காரணம் இருக்கும். இணையத்தில் கண்ட வரிகளையெல்லாம் கோப்பில் ஒட்டிப் பார்ப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பெரும்பாலான ரேம் சிக்கல்கள் அப்படி ஒட்டிய பழைய வரிகளால்தான் வருகின்றன.

ஒரு குறிப்பு. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். குழப்பம் வரக்கூடிய இடங்களில் எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன்.

எந்த மெமரி?

நம் ஊரில் மெமரி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கைபேசியில் படங்கள் நிரம்பிவிட்டால் "மெமரி ஃபுல்" என்கிறோம். அங்கே குறைவது சேமிப்பிடம். ராஸ்பெரி பையில் செருகும் மைக்ரோ எஸ்டி அட்டையையும் மெமரி கார்டு என்றே சொல்கிறோம். ஆகவே முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: 32 ஜிபி அட்டையில் சில ஜிபி மட்டும் தெரிகிறது என்பது உங்கள் பிரச்சினையானால், அது ரேம் விவகாரமே அல்ல. "டிஎஃப்" என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் எச் எழுத்தும் சேர்த்துப் பாருங்கள். மூலக் கோப்புறைக்கான வரியில், அதாவது ஒற்றைச் சாய்கோடு மட்டும் உள்ள வரியில், அட்டையின் முழு அளவு தெரியவில்லை என்றால் "ராஸ்பி-கான்ஃபிக்" பட்டியலின் மேம்பட்ட விருப்பங்களில் கோப்பு முறைமையை விரிவாக்கும் தேர்வு இருக்கிறது. அதைச் செய்து மறுதொடக்கம் செய்தால் போதும். இனிப் பேசப்போவதெல்லாம் ரேம், அதாவது நிரல்கள் ஓடும்போது பயன்படுத்தும் நினைவகம், பற்றி மட்டுமே.

முதல் படி: மொத்தமா, மிச்சமா?

டெர்மினலைத் திறந்து "ஃப்ரீ" என்று தட்டுங்கள். காலி என்று பொருள்படும் அதே ஆங்கிலச் சொல்தான். இடைவெளி விட்டுக் கழித்தல் குறியும் எம் எழுத்தும் சேர்த்துக்கொண்டால் எண்கள் எம்பியில் வரும். எச் எழுத்தைச் சேர்த்தால் ஜிபியாகச் சுருக்கித் தரும். ஆனால் அந்தச் சுருக்கத்தில் ஐம்பது அறுபது எம்பி மறைந்துபோகும். துப்பறியும்போது எம்தான் நல்லது.

வரும் அட்டவணையின் முதல் வரியில் ஆறு எண்கள் இருக்கும். இடமிருந்து முதலாவது மொத்தம். அடுத்தடுத்துப் பயன்பாட்டில் உள்ளது, காலியாக உள்ளது, பகிரப்பட்டது, தற்காலிகச் சேமிப்பு. கடைசி எண் கிடைக்கக்கூடியது. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தமே குறைகிறது என்றால் பலகை, ஃபர்ம்வேர், கர்னல் என்ற பக்கம் தேட வேண்டும். மொத்தம் சரியாக இருந்து மிச்சம் குறைகிறது என்றால் நிரல்கள் பக்கம் தேட வேண்டும். இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. மிச்சம்தான் உங்கள் கவலை என்றால் நேராக ஆறாம் படிக்குப் போய்விடலாம்.

மொத்தம் எவ்வளவு இருந்தால் சரி? ஒவ்வொரு ராஸ்பெரி பை மாடலிலும் என் அனுபவத்தில் கண்ட எண்களைத் தருகிறேன். 512 எம்பி கொண்ட ஜீரோ 2 டபிள்யூ, 415 முதல் 430 எம்பி வரை காட்டும். 1 ஜிபி உள்ள பை 3, 900-க்கும் 930-க்கும் இடையில் காட்டும். பை 4-இல் 2 ஜிபி பலகைக்கு 1.8, 4 ஜிபி பலகைக்கு 3.7, 8 ஜிபி பலகைக்கு 7.6 முதல் 7.8 வரை வரும். பை 5 கொஞ்சம் தாராளமானது. 8 ஜிபி பலகையில் 7.9 வரை காட்டும். உங்கள் எண் இதற்கு அருகில் இருந்தால் எதுவும் தொலையவில்லை.

அப்படியானால் அந்த 0.3 ஜிபி எங்கே போகிறது? பை 4-இன் 4 ஜிபி பலகையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சில்லில் இருப்பது 4,096 எம்பி. அந்தப் பலகையின் முகவரி அமைப்பில், 4 ஜிபி எல்லைக்குச் சற்றுக் கீழே உள்ள 64 எம்பி அளவு முகவரிகள் யூஆர்ட், ஜிபிஐஓ போன்ற புறச் சுற்றுகளுக்கு ஒதுக்கப்பட்டவை. அந்த இடத்தில் இருக்கும் ரேமை எட்ட முடியாது. 4,032 ஆயிற்று. வரைகலைச் செயலிக்கு ஃபர்ம்வேர் 76 எம்பியைத் தனியே எடுத்து வைக்கிறது. 3,956 ஆயிற்று. இனிக் கர்னலின் முறை. ரேமை 4 கேபி பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் 64 பைட் அளவில் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்கிறது. 64-இல் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 62 எம்பி, அந்தப் பேரேட்டுக்கே சரியாகிவிடுகிறது. 64-பிட் கர்னல் சாதனங்களுக்கான இடைநிலைக் கிடங்காக இன்னொரு 64 எம்பியை வைத்துக்கொள்கிறது. கர்னலின் சொந்த உடலுக்குச் சில பத்து எம்பி. கடைசியில் உங்கள் கையில் வருவது 3,790 எம்பி அளவில் இருக்கும். அதைத்தான் "ஃப்ரீ" 3.7 என்று சுருக்குகிறது. பை 5-இன் இயல்பான கர்னல் 16 கேபி பக்கங்களைப் பயன்படுத்துவதால் பேரேடு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அதன் தாராளத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தக் கணக்கை ஒருமுறை உங்கள் பலகைக்கு உங்கள் கையாலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். பிறகு எந்த எண்ணைக் கண்டாலும் பதற்றம் வராது.

இரண்டாம் படி: பலகையில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது?

பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். பெட்டி மாறியிருக்கலாம், கைமாறி வந்த பலகையாக இருந்தால் விற்றவருக்கே தெரியாமல் இருக்கலாம். பலகையே தன் அளவைச் சொல்லும். "கேட்" என்று தட்டி (சி, ஏ, டி), இடைவெளி விட்டு, சாய்கோடு, "ப்ராக்" (பி, ஆர், ஓ, சி), சாய்கோடு, "சிபியூஇன்ஃபோ" என்று எழுதுங்கள். நீண்ட விடை வரும். அதன் அடியில் ரிவிஷன் என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் பலகையின் பிறப்புச் சான்றிதழ்.

அதில் இருக்கும் குறியீட்டை வலப்பக்கத்திலிருந்து எண்ணி, ஆறாவது எழுத்தைப் பாருங்கள். அது 9 என்றால் 512 எம்பி. ஏ என்றால் 1 ஜிபி, பி என்றால் 2, சி என்றால் 4, டி என்றால் 8, இ என்றால் 16 ஜிபி. உதாரணமாக சி03111 என்பது 4 ஜிபி கொண்ட பை 4. ஏ03111 என்று வந்தால் அதே பை 4-தான், ஆனால் 1 ஜிபி. டி04170 என்பது 8 ஜிபி கொண்ட பை 5. சில பலகைகளில் குறியீட்டின் முன்னால் கூடுதல் எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் வலமிருந்து எண்ணச் சொன்னேன். 2012-இல் வந்த முதல் தலைமுறைப் பலகைகளில் மட்டும் இந்த முறை செல்லாது. அவற்றில் 0004, 0005, 0006 என்று முடிந்தால் 256 எம்பி. 000டி, 000இ, 000எஃப் என்றால் 512 எம்பி.

நீங்கள் 4 ஜிபிக்குப் பணம் கொடுத்து, குறியீடு ஏ என்று சொன்னால் தேடலை இங்கேயே நிறுத்திவிட்டுக் கடைக்குப் போகலாம். எந்த மென்பொருளாலும் அதை மாற்ற முடியாது. மடிக்கணினியில் செய்வதுபோல் ரேம் குச்சியை மாற்றிப் போடவும் வழியில்லை, எல்லாம் பற்றவைத்தது. பை 4-இல் அந்தச் சில்லு மையச் சில்லுக்குப் பக்கத்தில் கறுப்புச் சதுரமாகத் தெரியும். பை 2, பை 3 ஆகியவற்றில் பலகையைத் திருப்பினால் அடிப்பக்கம் இருக்கும். ஜீரோவில் தனியாகத் தேடினால் கிடைக்காது. ரேமும் மையச் சில்லும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை.

மூன்றாம் படி: ஃபர்ம்வேருக்கு எவ்வளவு தெரிகிறது?

ராஸ்பெரி பையில் மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது வரைகலைப் பகுதி. மையச் செயலியின் முறை பிறகுதான் வருகிறது. அங்கே ஓடும் ஃபர்ம்வேர்தான் ரேமை அளந்து, தனக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கர்னலுக்குச் சொல்கிறது. அதனிடம் பேச ஒரு கட்டளை இருக்கிறது: "விசிஜென்சிஎம்டி" (வி, சி, ஜி, இ, என், சி, எம், டி). அதன் பின்னால் "கெட் கான்ஃபிக்", பிறகு "டோட்டல் மெம்" என்று எழுதுங்கள். கெட்டுக்கும் கான்ஃபிக்குக்கும் நடுவில் அடிக்கோடு வரும். டோட்டலுக்கும் மெம்முக்கும் நடுவிலும் அப்படியே. 4 ஜிபி பலகையில் 4096 என்று விடை வர வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல பழைய வழிகாட்டிகள் இதே கட்டளையில் "கெட் மெம் ஆர்ம்" என்று கேட்கச் சொல்லும். 8 ஜிபி பலகையில் அப்படிக் கேட்டால் 948 என்று விடை வரும். அதைப் பார்த்து ஏழு ஜிபியைக் காணோம் என்று அழாத குறையாகக் கேட்ட பலரை எனக்குத் தெரியும். அந்த விடையைத் தரும் பகுதிக்கு முதல் 1 ஜிபி மட்டுமே தெரியும். 1,024-இலிருந்து வரைகலைக்கான 76-ஐக் கழித்துவிட்டு 948 என்று சொல்லிவிடுகிறது. 1 ஜிபிக்கு மேற்பட்ட பலகைகளில் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது. "ஃப்ரீ" சொல்வதை நம்புங்கள்.

குறியீடு 4 ஜிபி என்று சொல்லி, ஃபர்ம்வேர் 3072 என்றோ 1024 என்றோ சொன்னால், யாரோ அதற்குக் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள். நான்காம் படியில் அதைப் பிடித்துவிடலாம்.

நான்காம் படி: கான்ஃபிக் கோப்பு

ரேம் தொலைந்ததாக என்னிடம் வந்த பலகைகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை இந்தக் கோப்பில்தான் கிடைத்தது. ஆகவே இங்கே கொஞ்சம் நிதானமாக இருப்போம்.

கோப்பின் பெயர் "கான்ஃபிக்", அதற்குப் பிறகு புள்ளி, "டிஎக்ஸ்டி". ராஸ்பெரி பை இயங்குதளத்தின் 2023 அக்டோபரில் வந்த புக்வர்ம் பதிப்பு முதல் அது பூட் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர் என்ற உள்கோப்புறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் நேராகப் பூட் கோப்புறையிலேயே இருக்கும். புதிய பதிப்பில் பழைய இடத்தில் உள்ள கோப்பைத் திருத்திவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று குழம்புகிறவர்கள் உண்டு. அந்தப் பழைய கோப்பைத் திறந்தால் இடம் மாறிவிட்டது என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கும். படித்துப் பாருங்கள்.

திருத்தும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, "நேனோ" போன்ற எளிய எடிட்டரில் "சுடோ" சேர்த்து, அதாவது நிர்வாகி அனுமதியோடு, திறந்து, இரண்டே இரண்டு சொற்களைத் தேடுங்கள்.

முதலாவது "டோட்டல் மெம்", நடுவில் அடிக்கோடு. அதற்கு நேராக எந்த எண் இருக்கிறதோ அதற்குமேல் ஃபர்ம்வேர் ரேமைக் காட்டாது. சிறிய பலகையில் தன் மென்பொருள் ஓடுமா என்று சோதிக்க விரும்புகிறவர்களுக்காக உள்ள வசதி இது. ஆனால் இதற்கு வேறொரு வரலாறும் இருக்கிறது. பை 4 வெளிவந்த 2019-இல், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 19.10 பதிப்பிலிருந்த 64-பிட் கர்னலை 4 ஜிபி பலகையில் போட்டால் யூஎஸ்பி வேலை செய்யவில்லை. அந்தப் பலகையின் தொடக்ககாலச் சில்லுகளில், யூஎஸ்பி கட்டுப்படுத்தி முதல் 3 ஜிபிக்கு அப்பால் உள்ள ரேமை நேரடியாக எட்ட முடியாது; அந்தக் கர்னல் அதைக் கணக்கில் கொள்ளவில்லை. கர்னல் திருத்தப்படும்வரை தற்காலிக வழியாக, டோட்டல் மெம் என்பதற்கு 3072 என்று எழுதச் சொன்னார்கள். கர்னல் விரைவில் சரியாகிவிட்டது. அந்த வரி மட்டும் எத்தனையோ அட்டைகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

அப்படி ஒன்றை நேரில் பார்த்தேன். எங்கள் தெருவில் பொறியியல் படிக்கும் பெண் ஒருத்தி, வானிலை பதிவு செய்யும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். "அண்ணா, 4 ஜிபி வாங்கினேன், 2.8-தான் காட்டுகிறது. கடையில் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?" என்று பலகையைப் பெட்டியோடு எடுத்து வந்தாள். குறியீட்டைப் பார்த்தோம்: சி03111. ஃபர்ம்வேரைக் கேட்டோம்: 3072. கான்ஃபிக் கோப்பின் கடைசி வரிக்குப் போனோம். அங்கே அந்த வரி உட்கார்ந்திருந்தது. அட்டை யாருடையது என்று கேட்டேன். கல்லூரியில் மூத்த மாணவர் ஒருவர் கொடுத்த பழைய அட்டையாம். இயங்குதளத்தைப் புதுப்பித்தபோதும் கான்ஃபிக் கோப்பு அப்படியே இருந்துவிட்டது. வரியின் தொடக்கத்தில் ஒரு ஹேஷ் குறியைப் போட்டு, அந்த வரியை முடக்கிவிட்டு, மறுதொடக்கம் செய்தோம். 3.7 வந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டு, "இதுக்குப் போய் ரெண்டு நாள் தூங்கலை" என்றாள்.

தேட வேண்டிய இரண்டாவது சொல் "ஜிபியூ மெம்", நடுவில் அடிக்கோடு. வரைகலைப் பகுதிக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதைச் சொல்லும் வரி இது. எதுவும் எழுதாவிட்டால் 1 ஜிபிக்குக் குறைவான பலகைகளில் 64 எம்பி, மற்றவற்றில் 76 எம்பி. திரைப்படம் பார்க்கவும் பழைய விளையாட்டுகள் ஆடவும் பலகையைத் தயார் செய்தவர்கள் இங்கே 256, 512 என்று தாராளமாக எழுதுவது ஒரு காலத்தில் வழக்கம். 1 ஜிபி உள்ள பை 3-இல் 512 என்று எழுதியிருந்தால் பாதி ரேம் அங்கேயே போய்விடும். "ஃப்ரீ" 500-க்கும் குறைவாகக் காட்டும். தொடக்கத்தில் சொன்ன மூன்றாமவரின் கதை இதுதான்.

இன்று அந்தத் தாராளத்துக்குத் தேவையே இல்லை. 2021 நவம்பரில் வந்த புல்ஸ்ஐ பதிப்பு முதல் இயல்பான கேமரா அமைப்பும் திரை அமைப்பும் தமக்கு வேண்டிய நினைவகத்தைக் கர்னலிடமே கேட்டு வாங்கிக்கொள்கின்றன. பழைய கேமரா நிரல்களைக் கட்டாயம் ஓட்ட வேண்டியவர் மட்டும் 128 வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் அந்த வரியை நீக்கிவிடலாம். பை 5-இல் இந்த வரிக்கு எந்தப் பலனும் இல்லை. திரையே இணைக்காமல் ஓடும் ஜீரோவிலோ பை 3-இலோ இதை 16 வரை குறைத்து, 50, 60 எம்பியைத் திரும்பப் பெறலாம். 512 எம்பி பலகையில் அது பெரிய தொகை. ஆனால் அப்படிக் குறைத்தால் காணொளி வேகமாக்கல் போன்ற வசதிகள் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கோப்பைப் படிக்கும்போது சதுர அடைப்புக்குறிக்குள் பை 4, ஆல் போன்ற தலைப்புகளைக் காண்பீர்கள். பை 4 என்ற தலைப்பின் கீழ் உள்ள வரிகள் அந்தப் பலகையில் மட்டுமே செல்லும். நீங்கள் தேடும் வரி எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று மேலே ஏறிப் பாருங்கள்.

இதே கோப்புறையில் "சிஎம்டிலைன்" என்று இன்னொரு கோப்பு இருக்கிறது. கர்னலுக்கான கட்டளைகள் அதில் ஒரே வரியில் இருக்கும். அதில் "மெம்", சமக்குறி, ஓர் எண் என்று எங்காவது இருந்தால் அதுவும் ரேமுக்குப் போட்ட பூட்டுதான். நீக்கும்போது வரியை உடைத்துவிடாதீர்கள். இரண்டு வரியாகிவிட்டால் பலகை தொடங்காமல் போகலாம்.

ஐந்தாம் படி: கர்னல்

கான்ஃபிக் சுத்தமாக இருந்தும் மொத்தம் குறைகிறதா? கர்னல் விழித்தபோது என்ன சொன்னது என்று கேளுங்கள். "சுடோ டிமெசேஜ்" (டி, எம், இ, எஸ், ஜி) என்று தட்டி, வரும் வெள்ளத்தில் மெமரி என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதில் சாய்கோட்டுக்கு இருபுறமும் இரண்டு பெரிய எண்கள், கேபி கணக்கில் இருக்கும். வலப்பக்க எண்தான் ஃபர்ம்வேர் கர்னலிடம் ஒப்படைத்தது. பை 4-இன் 4 ஜிபி பலகையில் அது 4050944. 1,024-ஆல் வகுத்துப் பாருங்கள். நாம் தாளில் போட்ட அதே 3,956 வரும்.

இடப்பக்க எண் மிகவும் குறைவாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அதே வரியின் கடைசியில் சிஎம்ஏ என்ற பெயரில் ஓர் ஒதுக்கீடு இருக்கும். திரைக்கும் கேமராவுக்கும் தொடர்ச்சியான இடம் தேவைப்படும்போது தருவதற்காகக் கர்னல் குறித்து வைத்திருக்கும் பகுதி அது. தேவை இல்லாத நேரத்தில் மற்ற நிரல்களும் அங்கே குடியிருக்கலாம். அது இழப்பாகாது. "ஃப்ரீ" காட்டும் மொத்தத்தில் அதுவும் அடக்கம்.

வலப்பக்க எண்ணே குறைவு என்றால், பலகையைவிட அட்டையில் உள்ள மென்பொருள் பழையதாக இருக்கக்கூடும். இது ராஸ்பெரி பையுடன் பிறந்த சிக்கல். 2012 பிப்ரவரியில் 256 எம்பியுடன் வந்த மாடல் பி, அதே ஆண்டு அக்டோபரில் 512 எம்பிக்கு உயர்ந்தது. பழைய அட்டையைப் புதிய பலகையில் செருகியவர்களுக்குப் பழைய அளவுதான் தெரிந்தது. ஃபர்ம்வேரைப் புதுப்பித்ததும் மீதி வந்து சேர்ந்தது. இன்றும் மருந்து அதேதான்: "சுடோ ஏபிடி அப்டேட்", பிறகு "சுடோ ஏபிடி ஃபுல்-அப்கிரேட்", பிறகு மறுதொடக்கம்.

பை 4-இல் சாதாரணக் கணினி போலத் தொடங்க வேண்டும் என்பதற்காக யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் போட்டவர்கள் வேறோர் இடத்தையும் பார்க்க வேண்டும். அதன் அமைப்புப் பட்டியலில் ரேமை 3 ஜிபிக்குள் நிறுத்தும் தேர்வு ஒன்று உண்டு; இயல்பாகவே இயங்கு நிலையில் இருக்கும். லினக்ஸ் போடுகிறவர்கள் அதை அணைத்துவிடலாம்.

32-பிட் இயங்குதளத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். பை 4-க்கான 32-பிட் கர்னல் 8 ஜிபியையும் காணும், மொத்தம் சரியாகவே இருக்கும். ஆனால் தனியொரு நிரல் 3 ஜிபிக்குமேல் பிடிக்க முடியாது. மொத்தத்தில் பாதி காலியாக இருக்கும்போதே ஒரு நிரல் மட்டும் இடமில்லை என்று விழுந்தால் இதை நினைத்துப் பாருங்கள்.

ஆறாம் படி: மொத்தம் சரி, மிச்சம்தான் இல்லை

"ஃப்ரீ" அட்டவணையில் மூன்றாவது எண், அதாவது காலி, நூறு எம்பிக்குக்கூட வராமல் இருப்பதைப் பார்த்துக் கலங்குகிறார்கள். லினக்ஸ் காலி ரேமைச் சும்மா வைத்திருக்காது. அட்டையிலிருந்து ஒருமுறை படித்த கோப்புகளை அங்கே வைத்துக்கொள்ளும். யாராவது இடம் கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். எஸ்டி அட்டை மெதுவானது என்பதால் ராஸ்பெரி பையில் இந்தச் சேமிப்புதான் வேகத்தையே காப்பாற்றுகிறது. அதைக் காலி செய்யச் சொல்லும் குறுக்குவழிகளை நான் பரிந்துரைப்பதில்லை. பார்க்க வேண்டியது கடைசி எண், கிடைக்கக்கூடியது. அது ஆரோக்கியமாக இருந்தால் வேறு எதைப் பற்றியும் யோசிக்க வேண்டாம்.

கடைசி எண்ணும் குறைகிறது என்றால் யாரோ உண்மையாகவே பிடித்து வைத்திருக்கிறார்கள். "எச்டாப்" நிறுவி இயக்கி, ஷிஃப்டுடன் எம் விசையை அழுத்தினால் ரேமை அதிகம் பிடித்திருக்கும் நிரல் மேலே வரும். பெரும்பாலும் உலாவிதான். உலாவியின் பல வரிகளையும் கூட்டி மொத்தத்தைத் தாண்டிவிட்டதே என்று வியக்க வேண்டாம். பகிர்ந்துகொண்ட பகுதிகள் ஒவ்வொரு வரியிலும் மறுபடி எண்ணப்படுகின்றன.

எந்த நிரலும் பெரிதாகத் தெரியவில்லை, ஆனாலும் ரேம் போய்க்கொண்டே இருக்கிறது என்றால், "பகிரப்பட்டது" என்ற நான்காவது எண்ணைப் பாருங்கள். அது நூற்றுக்கணக்கில் இருந்தால், ரேமுக்குள் கோப்புகள் குடியிருக்கின்றன. "டிஎஃப்" அட்டவணையில் டிஎம்பிஎஃப்எஸ் என்று பெயரிட்ட வரிகள் எல்லாம் ரேமில் வாழும் கோப்புறைகள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 13-ஆம் பதிப்பை அடிப்படையாகக் கொண்ட பதிப்புகளில் "டிஎம்பி" என்ற தற்காலிகக் கோப்புறையும் இயல்பாக இந்த வகையில் சேர்ந்துவிட்டது. மொத்த ரேமில் பாதிவரை அது வளரலாம். முன்பு அட்டையில் இருந்த கோப்புறை என்ற நினைப்பில், கேமராப் படங்களை நிமிடத்துக்கு ஒன்றாக அங்கே சேமிக்கும் நிரலை ஓட்டினால் இரண்டே நாளில் பலகை திணறும். படங்களை வீட்டுக் கோப்புறைக்கு மாற்றுங்கள். அட்டை தேயாமல் இருக்க ஓவர்லே முறையைப் போட்டவர்களுக்கும் இதே கதைதான். அங்கே எழுதும் ஒவ்வொரு பைட்டும் ரேமில்தான் விழுகிறது.

நிரல் தானாக மறைந்துபோகிறது என்றால் மீண்டும் "டிமெசேஜ்" பார்த்து "அவுட் ஆஃப் மெமரி" என்ற சொற்களைத் தேடுங்கள். இடம் தீர்ந்ததும் கர்னல் எந்த நிரலைக் கொன்றது என்று பெயரோடு எழுதி வைத்திருக்கும்.

ஏழாம் படி: பலகையே பழுதா?

இவ்வளவும் சரியாக இருந்து, பலகை கண்டபடி உறைந்து நிற்கிறது என்றால் மட்டுமே வன்பொருளைச் சந்தேகியுங்கள். அப்போதும் முதல் சந்தேகம் மின்சாரத்தின் மீதே இருக்கட்டும். "விசிஜென்சிஎம்டி" கட்டளையில் "கெட் த்ராட்டில்ட்" என்று கேட்டால் (நடுவில் அடிக்கோடு), விடையில் எக்ஸ் எழுத்துக்குப் பிறகு வெறும் பூஜ்யம் மட்டும் வர வேண்டும். வேறு எண் வந்தால், மின்னழுத்தம் குறைந்தோ சூடு ஏறியோ பலகை தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கிறது, அல்லது இயக்கியதிலிருந்து எப்போதாவது அப்படி நடந்திருக்கிறது என்று பொருள். நல்ல மின்வழங்கியையும் தடித்த கேபிளையும் போட்டு, காற்றோட்டமும் கொடுத்துவிட்டு மீண்டும் பாருங்கள்.

அதன்பிறகு வேறோர் அட்டையில், அதிகாரபூர்வ இயங்குதளத்தைப் புதிதாக எழுதி, எதையும் நிறுவாமல், எந்தக் கோப்பையும் தொடாமல் இயக்குங்கள். இதைச் செய்யாமல் யாரிடமும் புகார் கொண்டு போகாதீர்கள். சுத்தமான அட்டையில் மொத்தம் சரியாக வந்தால் பழி பழைய அட்டையின் மீது. அங்கும் பலகை உறைந்தால் "மெம்டெஸ்டர்" நிறுவி, "சுடோ" சேர்த்து, கிடைக்கக்கூடிய ரேமில் முக்கால் பங்கை அதற்குக் கொடுத்து, ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். காலையில் ஒரே ஒரு ஃபெயிலியர் வரி தெரிந்தாலும் சில்லு பழுதுதான். ரிவிஷன் குறியீடும் அந்த வரியும் தெரியும்படி திரையைப் படம் எடுத்துக்கொண்டு, பில்லோடு கடைக்குக் கொண்டு போங்கள்.